சாகாத டாக்டர்

மேஜர் குச்சியால் தோளைத் தொட்டால் செத்தோம் என்று அர்த்தம்.

நிஜத்தில் இல்லை, ஒத்திகையில்தான். செத்தவர் ஓரமாக இருக்கிற பெஞ்சில் போய் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அவருடைய வேலையை அவருக்கு அடுத்த ஆள் அந்த நிமிஷமே ஏற்றுக்கொண்டு சொல்லிக் காட்ட வேண்டும். அவர் திருதிருவென்று விழித்தால் போச்சு, எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

விடிந்தால் படை கிளம்ப வேண்டும். கொட்டகைத் தரையில் மணலைப் பரப்பி, செங்கல்லை ஊராகவும் நீலக் கயிற்றை ஆறாகவும் வைத்திருந்தார்கள். தீப்பெட்டிகள்தான் வண்டிகள். சுற்றிலும் அதிகாரிகள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். யாருக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. கொண்டு வந்த டீ ஏடு கட்டிப்போய் அப்படியே இருந்தது.

ஒத்திகையை நடத்துவது துணைத் தலைவரான மேஜரின் பொறுப்பு. யாருக்கு எந்த வண்டியில் இடம் என்று பிரிப்பதும் அவர்தான். சிப்பாய்கள் அவருக்கு எமன் என்று பெயர் வைத்ததில் தப்பே இல்லை. படைத் தலைவரான கர்னலையே பெஞ்சுக்கு அனுப்பியவர் அவர். செய்தித் தொடர்பைப் பார்க்கிற சிக்னல் கேப்டன் பாடு அதைவிட மோசம். பாவம், மனுஷன் ஒரு தடவைகூட ஆற்றைத் தாண்டவில்லை.

குச்சி படாத ஆள் ஒருத்தர்தான். டாக்டரம்மா. மேஜர் மனைவியின் கூடப் பிறந்த தங்கை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிணங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தன. எமன்கிட்டயும் சிபாரிசு செல்லும் போல என்றது ஒன்று. தொட்டா வீட்டுல சோறு கிடைக்காதே என்றது இன்னொன்று. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்யா என்று சிக்னல் கேப்டன் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

அது கர்னல் காதில் விழுந்தது. என்ன என்று கேட்டார். கேப்டனும் செத்துச் செத்துக் கடுப்பில் இருந்தார்.

"குண்டு சொந்தபந்தம் பார்த்தா வரும், சார்? எங்க எல்லாரையும் சாகடிக்கிறாரு. டாக்டரை மட்டும் தொட மாட்டேங்கிறாரு."

கர்னல் மேஜரைப் பார்த்தார். மேஜர் முகம் சுண்டிப் போனது. நேரமாகிறது, அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாமே என்று பேச்சை மாற்றினார். நேருக்கு நேர் பேசுகிற மனுஷன் இப்படி நழுவி யாரும் பார்த்ததில்லை. கர்னலுக்குச் சுருக்கென்றது. குச்சியைக் கேட்டு வாங்கி, அவரே டாக்டரின் தோளைத் தொட்டார்.

டாக்டர் பெஞ்சுக்குப் போனார். கேப்டன் வாய்கொள்ளாச் சிரிப்போடு நகர்ந்து இடம் கொடுத்தார்.

டாக்டருக்கு அடுத்த ஆள் பேசட்டும் என்றார் கர்னல்.

யாரும் பேசவில்லை.

முதல் வண்டியில் போகப்போகிற லெப்டினன்ட்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ அடிபட்ட என் பசங்களை யார்கிட்ட சார் கொண்டு போறது?"

உதவி டாக்டர் எங்கே என்று கர்னல் அதட்டினார். வண்டியில் இடம் போதவில்லை, அவரை இங்கேயே நிறுத்திவிட்டேன் என்றார் மேஜர், தலை நிமிராமல்.

கர்னலுக்கு வந்ததே கோபம். ஓட்டை எங்கே என்று பார்க்கத்தானே ஒத்திகை, ஓட்டை மேலேயே பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறீர்களே என்று எல்லார் முன்னாலும் பிடிபிடியென்று பிடித்தார். தப்புதான் சார் என்றார் மேஜர். டாக்டருக்கு மாற்று ஆள் இல்லை என்பதை விடிந்தால் போகிற பிள்ளைகள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை என்றார்.

"அந்த இடத்தை யாருக்குக் கொடுத்தீங்க?"

பெஞ்சிலிருந்து டாக்டர்தான் சொன்னார். "சிக்னலுக்கு, சார். கேப்டனுக்கு அடுத்த ஆள் அதுலதான் வர்றாரு."

கேப்டன் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. தான் செத்தவர் என்பதையும் மறந்து எழுந்து நின்றார். என் ஆள் இப்பவே இறங்கிக்கட்டும், உதவி டாக்டர் ஏறிக்கட்டும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். மானம் தாங்கவில்லை.

"முதல்லயே எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே விட்டுக் கொடுத்திருப்பேனே, சார்."

மேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்ககிட்டதான் முதல்ல கேட்டேன், கேப்டன். முடியவே முடியாதுன்னீங்க. அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டேன், எல்லாரும் சண்டைக்கு வந்தாங்க. உரிமையாப் பிடுங்கிக்க, எனக்கு என் மச்சினி ஒருத்திதான் இருந்தா."