மாலை போட்ட படம்

‘பர்மா சண்டையில் வீரமரணம்’ என்று எழுதி வைத்திருந்த ஒரே மகன் இலஞ்சிக்குமாரின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, தென்காசி யுத்தக் கமிட்டித் தலைவர் சங்கரலிங்கம் தன் வீட்டு முற்றத்தில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

“எம் மகனை அனுப்பிட்டுத்தான் உங்க பிள்ளையளக் கேட்டேன். இன்னமும் என்னை நம்ப மாட்டியளா?”

நான்கு இளைஞர்கள் பட்டாளத்துக்குப் பெயர் கொடுக்க எழுந்தார்கள்.

கக்கத்தில் கட்டையை ஊன்றியபடி ஒற்றைக்காலன் ஒருவன் முன்னால் வந்தான்.

“நான் மேலகரம் சுடலைக்கண்ணு. பெத்த மகனையே அனுப்புதாவளேன்னு உங்களை நம்பித்தான்யா பட்டாளத்துக்குப் போனேன். இலஞ்சிக்குமார் எம் மடியிலதான் உயிரை விட்டான்.”

தலைவரின் முகம் வெளுத்தது.

காப்பி கொண்டுவந்த வேலைக்காரி முப்பிடாதி அவனிடம் கிசுகிசுத்தாள். “சின்ன எசமான் ரொம்பக் கஷ்டப்பட்டாவளா?”

“ஆத்தா ஆத்தான்னே அரற்றுனான்,” என்றபடி படத்தருகே போன சுடலைக்கண்ணு நின்றுவிட்டான்.

“இது யாரு?”

“இதான சின்ன எசமான்.”

அவன் சட்டைப்பையிலிருந்து கசங்கிய போட்டோ ஒன்றை எடுத்துக் காட்டினான். “எங்கூட இருந்த இலஞ்சிக்குமார் இவம்லா!”

முப்பிடாதியின் கையிலிருந்த தட்டு விழுந்தது.

“ஏ, எம் மவனே! நீ செங்கோட்டைக்கு அங்கிட்டு எஸ்டேட்டு வேலையில சொகமா இருக்கேன்னுல்லா எசமான் சொன்னாவ!”

தலைவர் பாய்ந்து வந்து போட்டோவைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கண்களைத் துடைத்தார்.

“பாத்தியளா? வேலைக்காரிகூட எம் மகனை அவ பிள்ளையா நெனைச்சு அழுதா!”

கூட்டம் விம்மியது. பெயர் கொடுக்க இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

சுடலைக்கண்ணு காறித் துப்பினான்.