ஒன்பதாம் நம்பர்

முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது.

பலராமன் சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்வதற்குள் விழுந்த அடி அது. கடை திறந்து இன்னும் போணிகூட ஆகவில்லை.

அடித்தது கை இல்லை, பூட்ஸ். பனிப்பிரதேசத்துக்கென்று உள்ளே ரோமத்துணி வைத்துத் தைத்த கனத்த பூட்ஸ். விற்றவரே அவர்தான் என்பதால் அதன் கனம் அவருக்குத் தெரியும். அதைக் கையில் பிடித்திருந்தவனையும் தெரிந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பட்டாளத்துக்காரன், அன்பரசன்.

தெருமுனையில் அவன் தள்ளாடித் தள்ளாடி வந்தபோதே பார்த்திருந்தார். காலையிலேயே ஏற்றிக்கொண்டு வருகிறான் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது அடியில் மூக்கு உடைந்தது. சட்டையெல்லாம் ரத்தம். மூன்றாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினார். மணிக்கட்டில் ஏதோ மளுக்கென்றது.

"பத்துதான கேட்டேன்? உன்கிட்ட பத்தாம் நம்பர்தான கேட்டேன்?"

கேட்டான். அது பலராமனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

போன புரட்டாசியில் ஒரு காலை. லீவு முடிந்து காஷ்மீர் போகிறவன், பட்டாளத்தில் தந்தது ஒரு ஜோடி இருக்கிறது, மாற்றுக்கு ஒன்று கையில் இருக்கட்டும் என்று வந்தான். அன்றைக்கு முதல் கிராக்கி அவன்தான். பனிக்குப் போடுகிற பூட்ஸில் கடையில் மிச்சம் இருந்ததோ ஒன்பதாம் நம்பர் மட்டும்.

பலராமன் ஒன்றும் தெரியாதவர் இல்லை. வருஷக்கணக்காகப் பட்டாளச் சாமான் விற்கிறவர். ராஜஸ்தான் மணலா, மெத்தென்ற தோலாகப் பார்த்து எடு. அஸ்ஸாம் காடா, தண்ணீர் வடிய ஓட்டை வைத்த கேன்வாஸை எடு. பனியா, இரண்டு சாக்ஸ் போட்ட பிறகும் விரல் அசைய வேண்டும், ரத்தம் ஓடாவிட்டால் குளிரில் விரல் விறைத்துச் செத்துவிடும், ஒரு நம்பர் கூடவே எடு. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இதைப் பாடம் எடுக்கிறவரே அவர்தான்.

ஆனால் முதல் கிராக்கியை வெறுங்கையோடு அனுப்பிவிட்டால் அப்புறம் நாள் முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். போணி என்று வந்துவிட்டால் அவருடைய அறிவெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடும்.

"தோலுதானப்பா, போடப் போட வுட்டுக் குடுக்கும்" என்று அன்றைக்குச் சொன்னார். மெல்லிசாக ஒரே ஒரு சாக்ஸைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். புரட்டாசி வெயிலில் அது காலுக்குக் கச்சிதமாகத்தான் இருந்தது. பையன் கடைக்குள் நாலடி நடந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினான். பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார்.

அந்தப் பையன்தான் இப்போது அவர் கழுத்தைப் பிடித்து ரேக்கோடு சேர்த்து நசுக்கிக்கொண்டிருந்தான்.

மேல்தட்டுப் பெட்டிகள் சரிந்து தலையில் விழுந்தன. ரேக்கின் கண்ணாடி உடைந்து முதுகில் குத்தியது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற கூட்டம், செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருத்தராவது உள்ளே கால் எடுத்து வைக்க வேண்டுமே! ஒரு புண்ணியவான் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மாத்திக் குடுக்கறேன் தம்பி... பில்லு கூட வாணாம்... வுடுப்பா..."

அதைக் கேட்டதும் பிடி இன்னும் இறுகியது.

பலராமனுக்குப் பயத்தை மீறிக்கொண்டு கோபம் வந்தது. ஷூ கடித்திருக்கும், சரி. கொப்புளம் வந்து நொண்டியிருப்பான், அதுவும் சரி. உலகத்தில் யாருக்குத்தான் ஷூ கடிக்கவில்லை? அதற்காக ஒரு ஆளைக் கொன்றுவிடுவார்களா?

இவன் கொன்றுவிடுவான் போலத்தான் இருந்தது. நாக்கு வெளியே தள்ளியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாகப் போகிறோம் என்று அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. சாக அவருக்குத் துளியும் இஷ்டம் இல்லை.

கை எதற்கும் எட்டவில்லை. கால் மட்டும்தான் பாக்கி.

கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று அவரே எப்போதும் பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் நிற்பார். குதிகாலில் லாடம் அடித்த பூட்ஸ். அன்பரசன் போட்டிருந்ததோ சாதாரண வெள்ளைக் கேன்வாஸ் ஷூ.

பலராமன் காலைத் தூக்கினார். உடம்பின் பாரம் மொத்தத்தையும் குதிகாலில் இறக்கி, அவனுடைய வலது ஷூவின் முனையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். மிதித்த காலை எடுக்காமல் அப்படியே திருகினார். ஐந்து விரலும் நொறுங்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார்.

அலறல் வரவில்லை. பிடியும் தளரவில்லை.

குதிகாலில் எலும்பு எதுவும் தட்டுப்படவில்லை. ஷூவின் முனை, பால் ஊற்றிய பிறகு வீசிப்போட்ட பாக்கெட்டைப் போலச் சப்பையாகக் கிடந்தது. துணிக்கு அடியில் தரையின் கெட்டிதான் அவருக்குத் தெரிந்தது.

பதறிப்போய் இடது காலை மிதித்தார். அதிலும் தரைதான் இருந்தது.

அன்பரசன் அவர் கழுத்திலிருந்து கையை எடுத்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"மிதிண்ணா" என்றான். "எவ்ளோ வேணா மிதி."