லொறிக்கு முன்னால் மூக்கன்

மூக்கன் லொறிக்கு முன்னால் நின்றான். கையில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி.

பாதிச் சாமான் ஏறியிருந்தது. ட்ரங்குப் பெட்டி இரண்டு, அம்மி, பாய்ச் சுருள். மிச்சம் தோட்டத்து லய வீட்டு வாசலில் கிடந்தது. அதற்கு நடுவே அவன் அம்மா மீனம்மாவும் தங்கை நாகலெட்சுமியும் அசையாமல் நின்றார்கள்.

பதினொரு மணிக்குத் தலவாக்கலை ஸ்டேசனில் கோச்சி. அதைப் பிடித்தால்தான் தலைமன்னாரில் இந்தியாவுக்குப் போகும் கப்பல்.

"பெட்டிய எறக்குங்க." அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். யாரையும் வெட்டப் பாயவில்லை. யாரையும் கிட்ட விடவும் இல்லை.

தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு இக்னேசியஸ் மணியைப் பார்த்தார். எழுபத்தாறாம் ஆண்டு மூக்கனுக்கு முதல் தடவை மனம் குழம்பியபோது பொலிசைக் கூப்பிட்டவர் அவர்தான். கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். அன்று முறிந்த இடது கை வளைந்தபடியே பொருந்திவிட்டது.

அதற்குப் பிறகுதான் பவுலின் மிஸ்ஸி ஒவ்வொரு தோட்டத்துத் துரையிடமும் போனார். ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். பூண்டுலோயாவிலிருந்து லயம் லயமாக நடந்து, மனம் கலங்கியவர்களுக்கு மாத்திரை கொடுத்து, உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். யாருக்காவது முற்றினால் பொலிசுக்கு முன்னால் எனக்கு ஆள் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்.

இன்று ஆள் போவதற்கு முன்பே பவுலின் வந்துவிட்டார்.

"அர மணித்தியாலந்தான் மிஸ்ஸி," என்றார் இக்னேசியஸ். "அதுக்கு மேல போனா நான் டெலிபோன் எடுக்கத்தான் வேணும்."

வேடிக்கை பார்க்கக் கூடிய லயத்துச் சனத்தைப் பவுலின் உள்ளே போகச் சொன்னார். லொறிக்கார ஹமீதை எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு, மூக்கனுக்கு எட்டடி தள்ளி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார்.



"சாப்டியாப்பா?"

அவன் தலையாட்டினான். இல்லை.

பையிலிருந்து பாண் ரொட்டியை எடுத்துப் பிய்த்து நீட்டினார். வலது கை கத்தியை விடவில்லை. வளைந்த இடது கையால் வாங்கி, நின்றபடியே தின்றான்.

"அம்மா என்னைய விட்டுட்டுப் போறாங்க மிஸ்ஸி."

"யாரு சொன்னா?"

"பெட்டியில என் சாரம், சட்டை எதுவும் இல்ல. தொறந்து பாத்தேன்."

பவுலின் மடியில் கிடந்த குடையை ஒருமுறை நேராக்கி வைத்தார்.

"உன் சாரமெல்லாம் எங்கிட்ட இருக்கு. கடல்ல கப்பல் ஆடும், நீ தாங்கணும்ல? மேல டிஸ்பென்சரிக்குப் போயி ஒரு ஊசி போட்டுக்கிட்டு வந்துருவோம். லொறி நமக்காக நிக்கும்."

அவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கத்தியைத் திருப்பி, பிடிப் பக்கமாக நீட்டினான்.

இருவரும் மேட்டில் ஏறினார்கள். யாரும் கத்தவில்லை. யாரும் அடிக்கவில்லை. இக்னேசியஸ் தொப்பியைக் கழற்றினார். மீனம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் மூக்கன் பெஞ்சிலேயே தூங்கிப்போனான்.

கீழே லொறி கிளம்பியது. வளைவுக்கு வளைவு சத்தம் தேய்ந்துகொண்டே போய் நின்றது. பவுலின் ஜன்னல் பக்கம் போகவில்லை.

பாஸ்போட்டில் மூக்கன் பெயர் இல்லை. பதினெட்டு தாண்டியவர்கள் இந்தியக் குடியுரிமைக்குத் தனியாக மனுப் போட வேண்டும். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட நாளில் அவன் முறிந்த கையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அம்மாவுக்கும் தங்கைக்கும் இலங்கையில் இருக்கும் விசா முடிய நான்கு நாள் இருந்தது. இந்தக் கப்பலை விட்டால், அடுத்ததில் இடம் கிடைப்பதற்குள் அது முடிந்து, அவர்கள் இரண்டு பேரும் இங்கே சட்டத்துக்கு ஆகாதவர்கள்.

முந்தின நாள் மீனம்மா பூண்டுலோயாவுக்கு நடந்து வந்து பவுலினின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காம, கட்டாம, லொறி போற வரைக்கும் அவன அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிருங்க மிஸ்ஸி. அதுக்கப்புறம் நீங்க பாத்துக்குங்க." மகனின் துணிகளை ஒரு முடிச்சாகக் கட்டி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மூக்கன் கண் விழித்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. பவுலின் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தான் சொன்ன பொய்யையும் சொன்னார்.

அவன் கத்துவான், அடிப்பான் என்று நினைத்துக் கதவைத் திறந்தே வைத்திருந்தார் டிஸ்பென்சர். மூக்கன் எழுந்திருக்கக்கூட இல்லை.

"கோச்சி போயிருச்சா?"

"போயிருச்சுப்பா."



"லொறி நிக்கும்னு பொலிசு வந்து சொல்லியிருந்தா," என்றான், "நான் நம்பியிருக்க மாட்டேன் மிஸ்ஸி."