வியாழக்கிழமைத் துணை

அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் லத்தீனோ மாணவர் சங்கம் வியாழக்கிழமைதோறும் கூடும். படிக்கிறவர்களுக்குப் பெரிய கம்பெனி ஆட்களை அறிமுகம் செய்துவைக்கிற கூட்டம் அது.

"பொண்ணைத் தனியா அனுப்ப முடியுமா? நான் துணைக்குப் போறேன்," என்று கோட்டை மாட்டினார் எவாரிஸ்தோ.

"துணைக்குப் போறவருக்கு சென்ட் எதுக்கு?" என்றாள் மனைவி எலோய்சா.

"சும்மா இரு. சிட்லாலி, கிளம்பும்மா!"

எலோய்சாவுக்கு மனசே ஆறவில்லை. கட்டட வேலை பார்க்கிற மனுஷனுக்கு ஆறு மாதமாகத் திடீரென்று ஓவர்டைம். கண்ணாடி முன்னால் தனியாகச் சிரித்துப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கன்னத்தில் முத்தமிட்டு நலம் விசாரிக்க வந்த மச்சினிக்கே விறைப்பாகக் கைகொடுத்தார். சட்டைப்பையில் யாரோ பெண்களின் விசிட்டிங் கார்டு வேறு!

இன்று விடுவதில்லை என்று அடுத்த பஸ்ஸிலேயே போனாள். கூட்டம் நடக்கிற ஓட்டல் கூடத்து வாசலில் சிட்லாலி மட்டும் உட்கார்ந்து இனிப்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"உன்னை வெளியே உட்கார வச்சிட்டு எங்கடி அந்த மனுஷன்?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கோட்டுப் போட்ட ஒருத்தியின் கையைக் குலுக்கியபடி வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார் எவாரிஸ்தோ.

"இன்னைக்கு இருக்கு அவருக்கு!" என்று கதவைத் தள்ளப் போனாள்.

"ஐயோ அம்மா, கெடுத்துடாதே! இன்டர்வியூ நடக்குது. அப்பா மாலைக் காலேஜ்ல சேர்ந்து ஆறு மாசமாச்சு. பாஸ் பண்ணிட்டுதான் உன்கிட்ட சொல்லணுமாம்."

"அப்ப நீ?"

"நான் இந்தச் சங்கத்துலயே இல்ல. சின்னப் பசங்க நடுவுல தனியா நிக்க அப்பாவுக்குக் கூச்சமாம். நான்தான் துணைக்கு வர்றேன்."