கொசுறுக்காரி

காலை ஒன்பதரை மணிக்குள் ஏழு கடைகளில் நின்றுவிட்டாள் டெல்மிரா.

எட்டாவது, பட்டாணிக் கடை. லா பாஸ் நகரத்துச் சந்தைத் தெரு செங்குத்தாக ஏறுகிற இடம். கடைக்காரி நிறுத்துப் பையில் போட்டு நீட்டிய பிறகும் டெல்மிரா பையை வாங்கவில்லை.

"கசேரா, யாப்பா எங்க?"

அந்த ஊரில் விற்பவளும் வாங்குபவளும் ஒருத்தியை ஒருத்தி கசேரா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யாப்பா என்றால் கொசுறு. கடைக்காரி ஒரு பிடி அள்ளிப் போட்டாள். இது குருவிப் பிடி, உன் பிடியைப் போடு என்றாள் டெல்மிரா. கடைக்காரி சிரித்துக்கொண்டே தட்டில் மறுபடி கைவைத்தாள்.

பின்னால் ரோமுலோவும் ஓவிடியோவும் நின்றார்கள்.

மூவரும் சாந்தா குரூஸ் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சமவெளிக்காரர்கள். ரோமுலோ மட்டும் பதினெட்டு வயதில் இந்த மலையூரில் ஒரு வருடம் பட்டாளத்தில் இருந்தவன். அப்போது காவல் நின்ற குன்றின் உச்சியில் இன்னொரு தடவை நின்று ஊரைப் பார்க்க வேண்டும், அதுவும் நடந்தே ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. இந்தப் பயணமே அதற்காகத்தான்.

சமவெளிக்காரனுக்கு நாலு படி ஏறினால் நாக்குத் தள்ளும் என்று மலைக்காரர்கள் கேலி பேசுவது வழக்கம். "எனக்கு மூச்சு வாங்குதுன்னு எவனாவது சொன்னா, அடுத்த பஸ்லயே திரும்பிடுவேன்" என்று புறப்படும்போதே ரோமுலோ எச்சரித்திருந்தான்.

முதல் இரண்டு நாளும் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பத்தடிக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு பேரம். ஊதாச் சோளக் கஞ்சி விற்கிற இடத்தில் ஆண்கள் இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தம்ளரை நீட்டி நீட்டி மூன்று தடவை யாப்பா கேட்டாள். தேவாலயத்துக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது.

கொசுறுக்காரி என்று ரோமுலோ பெயர் வைத்தான். விட்டால் ஊருக்கு மேலே தெரிகிற பனிமலையில் பாதியைக் கொசுறாகக் கேட்பாள் என்றான் ஓவிடியோ. இருவரும் சிரித்தார்கள். டெல்மிராவும் சிரித்துவைத்தாள்.

மூன்றாம் நாள்தான் குன்றுக்குப் போகிற நாள். பட்டாணிக் கடையில் ரோமுலோவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஊர்ல பட்டாணியே பாத்ததில்லையா நீ?"

"கொஞ்சம் இருப்பா. இன்னும் முடியல."

"சமவெளிக்காரங்க எல்லாம் பிச்சைக்காரங்கன்னு இவங்க நினைக்கட்டும்னே வந்திருக்க. உன்கூட நடக்கவே வெக்கமா இருக்கு."

கடைக்காரி அள்ளிய பிடி அப்படியே நின்றது. டெல்மிரா ஓவிடியோவைப் பார்த்தாள். ஓவிடியோ அடுத்த கடை வெங்காயத்தைப் பார்த்தான்.

டெல்மிரா பையை வாங்காமலேயே, தான் ஊருக்குத் திரும்புவதாகச் சொன்னாள். ஓவிடியோவிடம் மட்டும், ரோமுலோவை மெதுவாகக் கூட்டிக்கொண்டு போ என்றாள். அவனும் சரி என்றான். தெரு முனை திரும்புவதற்குள் மறந்துவிட்டான்.

அதன் பிறகு எங்கேயும் நிற்கவில்லை. நேரம் மிச்சம் என்று ரோமுலோ சொல்லிக்கொண்டே ஏறினான். உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது படியில் உட்கார்ந்தான். எழுந்திருக்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இதயம் ஏற்கெனவே பலவீனம், மூச்சுத் தேறியதும் கீழே இறங்கிவிடுங்கள், இனி இந்த உயரத்துக்கு வரவே கூடாது என்றார் டாக்டர். இரண்டு நாளாக இந்த ஏற்றத்தில் எப்படித்தான் நடந்தார் என்று ஓவிடியோவைக் கேட்டார்.

"நின்னு நின்னு" என்றான் ஓவிடியோ.

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

சாயங்காலம் டெல்மிராவுக்குப் போன் செய்தான். அவள் ஏறிய பஸ்ஸை வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லையே என்பதைத்தான் அவள் முதலில் கேட்டாள்.

"வந்து இறங்கின அன்னிக்கே பாத்தேன்" என்றாள். "சுவரைப் பிடிச்சுக்கிட்டு, லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு நின்னான். அவன் ஷூவுல லேஸே கிடையாது."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பியா? அவன் காதுக்குப் போனா பஸ் ஏறியிருப்பான். பாவம், அந்த உச்சியில ஒரு தடவை நின்னுட்டுப் போகட்டும்னுதான். எனக்குப் பேரமே வராது, ஓவிடியோ. கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்."

இப்போதே போய் ரோமுலோவிடம் சொல்லிவிடுகிறேன் என்றான் ஓவிடியோ.

"இப்ப எதுவும் சொல்லாத. ஊருக்கு வந்து தேறட்டும். அப்புறம் நீயே சொல்லு. நான் சொன்னா சப்பைக்கட்டு கட்டுறேம்பான்."

கட்டாயம் சொல்கிறேன் என்றான் ஓவிடியோ.

செப்டம்பர் இருபத்துநாலு, சாந்தா குரூஸ் திருநாள் அன்று, ஆலையின் பழைய ஆட்களுக்கு ரோமுலோ வீட்டில் விருந்து. டெல்மிராவுக்கு அழைப்பு இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ரோமுலோ எழுந்து நின்று கொசுறுக்காரி கதையை நடித்துக் காட்டினான். அவன் மறந்துபோன இடங்களை ஓவிடியோ எடுத்துக்கொடுத்தான்.