ஆண்டுக்கு ஓர் அறை

இளம் பல்தோமேரோ இரும்புக் கம்பிகளை வெறுங்கையால் முறித்தெறிந்து, சிறைக்காவலரின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். "கொடுங்கோலனோட நாயே, போய்ச் சொல்லு உன் எசமான்கிட்ட. புரட்சி வெளிய வந்துடுச்சுன்னு."

சிறைக்காவலர் தோன் கசிமீரோ சுழன்று விழுந்தார். கம்பிகள் கருஞ்சாயம் பூசிய நாணல். பத்தொன்பது வயதுப் புரட்சிவீரனாக வந்தவர் நாற்பத்தைந்து வயதுப் பள்ளி ஆசிரியர் பிளாசிதோ. அறை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் அசலாகவே விழுந்தது.

திடலின் நாற்புறமிருந்தும் அழுகிய ஆரஞ்சுகள் பறந்து வந்தன. வானோர் பூமாரி பொழிவது புண்ணியவான்களுக்கு. தம் தவத்துக்கு வாய்த்தது பழமாரி என்று கசிமீரோ எண்ணிக்கொண்டார்.

நாட்டை ஆளும் தலைவர் பல்தோமேரோ இளமையில் அடைபட்டிருந்த சிறை அது. விடுதலைத் திருநாள்தோறும் அவர் தப்பிய கதையை அங்கேயே நடிக்க வேண்டும் என்பது ஆணை. காவலர் வேடத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அன்று காவலிருந்த கசிமீரோவே ஊரில் உயிரோடிருந்தார். இப்போது எழுபது வயதாகும் அவர் இருபத்தேழு ஆண்டுகளாக அறை வாங்கி வருகிறார்.

உண்மை வேறு. பல்தோமேரோ உள்ளே வந்தது புரட்சிக்காக அன்று. ரூபெர்த்தோ வீட்டு இரண்டு கோழிகளுக்காக. உறவில்லாத கைதிக்குக் காவலர் வீட்டுச் சாப்பாடு என்பது ஊர் வழக்கம். தீராப் பசி தரும் யானைத்தீ நோய் பற்றியவனைப் போல் அவன் வேளைக்குப் பதினான்கு சோள அப்பம் தின்றான்.

நான்காம் நாள் மனைவி எடெல்மிரா சொன்னாள்: "அந்த வயித்த நீங்க வெளிய அனுப்புறீங்களா, இல்ல நான் எங்கம்மா வீட்டுக்குப் போகட்டுமா?"

கசிமீரோ பூட்டைத் திறந்துவிட்டார். புனித பேதுருவைச் சிறைமீட்க வானதூதர் இறங்கிவர வேண்டியிருந்தது. பல்தோமேரோவுக்கு எடெல்மிராவே போதுமாயிற்று.

இதை அறிந்தவர் ஊரில் மூவரே. தலைவரின் இளமை நினைவுகளைச் சொல்லும்படி ரூபெர்த்தோவைத் தலைநகருக்கு அழைத்துப் போனார்கள், போனவர் திரும்பவில்லை. அன்று முதல் கசிமீரோ கன்னத்தைச் சற்று முன்னதாகவே நீட்டக் கற்றுக்கொண்டார்.

இவ்வாண்டு முன்வரிசையில் தலைவரே அமர்ந்திருந்தார். முன்னறிவிப்பில்லை, மேளதாளமில்லை, மெய்க்காவலர் இல்லை. புழுதி படிந்த ஒற்றை வண்டியில் வந்திறங்கினார். நாடகத்தையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பித் தலைநகர்ச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எளிமையப் பாத்தீங்களா, தோன் கசிமீரோ," என்று விழுந்து கிடந்தவரின் காதருகே பிளாசிதோ குனிந்தார். "தனியா வந்திருக்கார்."

"சுடுறவங்க பின்னால வண்டியில வருவாங்க, வாத்தியாரே. அதுக்குத்தான் சாலையப் பாக்குறார்."

"உங்களச் சுட ஒரு வண்டி ஆளா? கிழவருக்கு நெனப்பப் பாரு."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கசிமீரோ சாலையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் தலைவர் எழுந்தார். ஒற்றை விரலை வளைத்தார். "கசிமீரோ, உள்ள வா."

பழைய சிறையறைக்குள் இருவரும் நுழைந்தனர். தலைவரே கதவைச் சாத்தினார். வெளியே ஊர் அவர் பெயரை முழங்கிக்கொண்டிருந்தது.

கசிமீரோ முந்திக்கொண்டார். "தளபதி, அன்னைக்கு நீங்க கம்பிய முறிச்சது இன்னும் என் கண்ணுலயே நிக்குது."

"எத்தன கம்பி?"

"நாலு, தளபதி. போன வருஷத்துலேருந்து அஞ்சு."

தலைவர் சிரிக்கவில்லை. "எடெல்மிரா எங்க?"

கசிமீரோ அவசரமாகக் கையை விரித்தார். "கூட்டத்துல எங்கயோ இருக்கா. அவளுக்கு எதுவுமே ஞாபகமில்ல தளபதி. காலையில போட்ட உப்ப மத்தியானம் மறந்துட்டு மறுபடி போடுறவ."

"சட்டையக் கழட்டு."

அவர் காக்கிக் கோட்டைக் கழற்றினார்.

"வேஷத்த இல்ல. உள்ள போட்டிருக்கியே, அது."

வெற்று மார்பு கேட்கிறார் என்று புரிந்தது. மார்பில் விழுப்புண் ஏற்பது வீரர்க்கு அழகுதான். அந்த மார்பு இவ்வளவு எலும்பும் ஆரஞ்சுச் சாறுமாகவா இருக்க வேண்டும் என்று கசிமீரோ நாணினார். கண்களை மூடிச் செபிக்க முயன்றார். நெஞ்சில் நிறைந்திருந்த அத்தனை துதிகளிலும் அப்போது நாவுக்கு வந்தது உணவுக்கு முன் சொல்லும் செபம் ஒன்றுதான். அதையே முடித்துக்கொண்டார்.

"சுடுறதுன்னா என்னோட நிறுத்திக்குங்க, தளபதி. அவ சமைச்சுப் போட்டவ. அவ்வளவுதான்."

வெடிச்சத்தம் கேட்கவில்லை. வைக்கோல் சரசரத்தது.

கசிமீரோ ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பதக்கங்கள் தொங்கும் கோட்டு வைக்கோலுக்கடியில் திணிக்கப்பட்டிருந்தது. நாடே நடுங்கும் தலைவர் ஒட்டுப்போட்ட அந்தப் பருத்திச் சட்டைக்குள் புகுந்து, வயிற்றின்மேல் பொத்தான் மாட்டத் திணறிக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "எல்லைக்கு எந்தப் பாதையில போகணும்?"