இடுக்கி கேட்டவர்கள்

ஜாடியைத் திறந்ததுமே செண்பகத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

பார்மலின் நெடி மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, காலையில் குடித்த கூழைக் கிளறிவிட்டது. தாவணி நுனியால் வாயைப் பொத்தப் போனவள், சார் பார்த்துவிடுவார் என்று கையை இறக்கிக்கொண்டாள்.

ஜாடிக்குள் தவளைகள் வயிறு வெளுத்து, மல்லாந்து, ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. சில கண்ணைத் திறந்துகொண்டே செத்திருந்தன.

"எல்லாரும் டாக்டராகணும்னு சயின்ஸ் கேக்கறீங்க" என்றார் சயின்ஸ் வாத்தியார் ரங்கசாமி. "அருவருப்பு பாக்கறவனுக்கு டாக்டர் படிப்பு எதுக்குடா? ஆளுக்கு ஒரு தவளை. வெறுங்கையால எடுத்து என் கையில குடுக்கணும். இடுக்கி கேக்கறவன் ஹிஸ்டரி பெஞ்சுக்குப் போ."

மேஜை மேல் அந்த இடுக்கி பளபளவென்று ஆசை காட்டிக்கொண்டு கிடந்தது.

பத்தாம் வகுப்புக்குப் பாடம் பிரிக்க வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது. மைக்ராஸ்கோப் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். மார்க்கைப் பார்த்துப் பிரித்தால் பெற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று ரங்கசாமி சார் தானாகக் கண்டுபிடித்த வழி இது.

இங்கே சயின்ஸ் கிடைக்காவிட்டால் பி.யு.சி.யில் செகண்ட் குரூப் கிடையாது. செகண்ட் குரூப் இல்லாவிட்டால் மெடிக்கல் காலேஜ் வாசலைக்கூட மிதிக்க முடியாது. செண்பகத்துக்கு இது மனப்பாடம். பிள்ளை குறுக்கே நின்றுபோய், பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போன அக்கா, புதுவாயல் தாண்டுவதற்குள் அடங்கிப்போனாள். அன்றிலிருந்து செண்பகத்தின் நினைப்பெல்லாம் டாக்டர் படிப்புதான்.

ரைஸ் மில்காரர் மகன் தேசப்பன் முதலில் போனான். ஜாடிக்குள் எட்டிப் பார்த்தான். முகம் அஷ்டகோணலானது.

"சார், இடுக்கி..." என்று இழுத்தான்.

வகுப்பே சிரித்தது. காது சிவக்க ஹிஸ்டரி பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

பழவேற்காட்டு சிராஜ் சிரித்துக்கொண்டே ஒரு தவளையைக் காலைப் பிடித்துத் தூக்கினான். சார் அதை உள்ளங்கையில் வாங்கி, "சபாஷ்" என்று திரும்ப ஜாடியில் போட்டார். அந்த ஈரக் கையாலேயே அவன் முதுகில் தட்டினார். அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதே சபாஷ், அதே தட்டு. நடுவில், இதெல்லாம் ஒரு பொருட்டா என்பதுபோல, அதே விரலால் மூக்குப்பொடி வேறு போட்டுக்கொண்டார்.

பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசி ஆள் செண்பகம். பரீட்சைப் பேப்பர் கொடுத்தாலும் சரி, அம்மை குத்த வந்தாலும் சரி, கடைசி ஆள் அவள்தான். யாரும் அதைக் கவனிப்பதில்லை. அவளும் கவனிப்பதை விட்டுவிட்டாள்.

"உனக்கென்ன, காலனிப் பொண்ணு. பழகின கை" என்றார் சார். மறுபடியும் ஒரு சிரிப்பு.

பழகின கையா! மழைக்காலத்தில் குடிசைக்குள் ஒரு தவளை வந்துவிட்டால் தெருவே கூடும்படி அலறுகிறவள் அவள். அம்மா கெங்கம்மாள் துடைப்பத்தோடு ஓடி வந்து விரட்டிவிட்டு, "இத்தப் பாத்தே பேஜாராவுற, நீ இன்னாத்தடி டாக்டராவப் போற?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். இந்த நாளுக்காகவே செண்பகம் ஊறவைத்த புளியைக் கையில் பிசைந்து பிசைந்து பழகியிருந்தாள். குழம்புதான் ருசியானது. பயம் போகவில்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு கையை விட்டாள்.

வழுவழுவென்று ஒரு செத்த கால் விரலிடுக்கில் புகுந்தது. உடம்பெல்லாம் கூசியது. கண்ணில் நீர் முட்ட, கூழ் நெஞ்சுவரை வந்து திரும்பிப் போனது.

எடுத்துவிட்டாள்.

அழுகையும் சிரிப்புமாக, உள்ளங்கையில் தவளையோடு கையை நீட்டினாள்.

பழக்கதோஷத்தில் சாரின் கையும் பாதி நீண்டது. அவள் கையைப் பார்த்தார். தன் கையை இழுத்துக்கொண்டார். அவள் விரல்கூடப் படாத அந்தக் கையை வேட்டியில் துடைத்தார்.

பிறகு மேஜையைத் துழாவி இடுக்கியை எடுத்தார்.

இடுக்கியின் நுனி அவள் விரலில் பட்டுவிடாமல், பதனமாக, தவளையை நோக்கி வந்தது. அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் தேசப்பன் முகத்தில் பார்த்த அதே கோணல்.

செண்பகத்துக்கு மறுபடியும் குமட்டியது. பார்மலின் நெடியை அவள் மறந்தே போயிருந்தாள்.

விரல்களை மடக்கித் தவளையை மூடிக்கொண்டாள்.

"கையில குடுக்கச் சொன்னீங்களே சார்" என்றாள்.

இடுக்கி அந்தரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அவள் கொஞ்சம் காத்திருந்தாள். சார் கை நீட்டப்போவதில்லை என்று தெரிந்ததும் தவளையைத் தானே ஜாடிக்குள் விட்டாள். நடந்து போய் சயின்ஸ் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"ஏய், எழுந்திரு" என்று சொல்லத்தான் சார் வாயைத் திறந்தார்.

ஹிஸ்டரி பெஞ்சில் தனியாக இருந்த தேசப்பனுக்குச் செண்பகத்தின் மேல் பரிவெல்லாம் ஒன்றுமில்லை. இடுக்கி கேட்டதற்கு விரட்டப்பட்ட வயிற்றெரிச்சல்தான். அவன் சாரின் கையிலிருந்த இடுக்கியையே பார்த்தான். பிறகு, பைக்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து, சாருக்கு இடம் விட்டான்.